பழுப்பு ஏறாத வட்டம்

அக்டோபர் 12, வியாழன்

பல வருஷங்களுக்கு முன் ஒரு மாணவி கேட்ட கேள்வி இன்று காலை பல் துலக்கும்போது நினைவுக்கு வந்தது. ஒன்பதாம் வகுப்பு, செய்முறை வகுப்பு. இலையைக் கொதிக்க வைத்து, பச்சையம் நீக்கி, அயோடின் விட்டுப் பார்க்கும் சோதனை. கருநீலம் ஏறினால் மாவுச்சத்து உண்டு, ஏறாவிட்டால் இல்லை. மூன்றாவது மேஜையில் நின்ற ஆவுடை என்ற ஒல்லிப் பெண் கை தூக்கினாள்.

"டீச்சர், நிறம் மாறலன்னா இலையில மாவுச்சத்து இல்லன்னு அர்த்தமா, இல்ல அயோடின் கெட்டுப் போச்சுன்னு அர்த்தமா?"

முப்பத்து நான்கு வருஷ வேலையில் இவ்வளவு நல்ல கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அதற்கு என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில் இல்லை.

நினைவு வரக் காரணம், நேற்று அவளைப் பார்த்தேன். ஜங்ஷன் பக்கம் ஒரு லேபில் டெக்னீஷியனாக இருக்கிறாள். என் வீட்டுக்காரர் இவருடைய தொடையில் இருந்து எடுத்த சதைத் துணுக்கு அங்கேதான் போயிருக்கிறது. "ஜெயசீலி டீச்சரா?" என்று ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். தலையில் நாலு நரை.

கட்டி எலுமிச்சங்காய் அளவு இருக்கிறது. இடது தொடையில். முப்பத்தொரு வருஷம் திருச்செந்தூர் வழித்தடத்தில் அரசு பஸ் ஓட்டியவர். "கிளட்ச் மிதிச்ச காலு, காப்புக் காய்ச்சிருக்கும்" என்கிறார். தொடைக்குள் யாருக்குக் காப்புக் காய்க்கும்?

தண்ணீர் மோட்டார் சத்தம் போடுகிறது. ஆள் வரச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 16, திங்கள்

டாக்டர் ஹபீபைப் பார்த்தோம். அறுவை மருத்துவர். வயது நாற்பதுக்குள்தான் இருக்கும், ஆனால் பொறுமைசாலி. நான் விலங்கியல் டீச்சர் என்று இவர் சொன்னதும், படம் வரைந்தே விளக்கினார்.

துணுக்கில் இருக்கும் செல்கள் கதிர் போல நீளமாக இருக்கின்றனவாம். அப்படிப்பட்ட செல் இரண்டு வீட்டில் ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். நரம்பின் உறையில் வளரும் சாதாரணக் கட்டியாக இருக்கலாம். அல்லது தசையில் பிறக்கும் புற்றாக இருக்கலாம். வெறும் தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. மற்ற சோதனைகளும் இரண்டுங்கெட்டானாக வந்திருக்கின்றன. ஆகவே கடைசியாக ஒன்று: தசை வகை ஆக்டின் என்ற புரதம் அந்த செல்களுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது. அதை மட்டும் தேடிப் பிடிக்கும் ஒரு எதிர்ப்பொருளை விடுவார்கள். மோனோகுளோனல் என்று பெயர். எலியின் ஒரே ஒரு செல்லில் இருந்து பெருகிய கூட்டம் தயாரிப்பதால் அத்தனை மூலக்கூறும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். அது போய் ஒட்டிய இடத்தில் பழுப்பு நிறம் ஏறும்.

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் இவருக்கு நான் என் பாணியில் சொன்னேன். "ஒரு டீச்சர் இருக்கா. அவ அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர்ல ஒரே ஒரு பேருதான். எந்த வகுப்புக்குப் போனாலும் அந்தப் பேர மட்டும் கூப்பிடுவா. அந்தப் பேருள்ளவன் இருந்தா எந்திரிப்பான். இல்லன்னா யாரும் எந்திரிக்க மாட்டாவ."

"அந்த டீச்சருக்குத் தொண்ட கட்டிட்டுன்னா?" என்றார்.

சிரித்துவிட்டேன். ஆட்டோக்காரரும் சிரித்தார்.

டாக்டர் சொன்ன இன்னொன்றையும் குறித்து வைக்கிறேன், மறந்துபோகும். ரத்தக் குழாயின் சுவரிலும் அதே தசைப் புரதம் உண்டு. எந்தத் துணுக்கிலும் எப்படியும் ஒரு சின்ன ரத்தக் குழாய் இருக்கும். கட்டியில் நிறம் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அந்தக் குழாய் பழுப்பு வளையமாக நிற்குமாம்.

பழுப்பு ஏறினால் பெரிய ஆபரேஷன், கதிர்வீச்சு. கட்டியைச் சுற்றி நல்ல சதையையும் சேர்த்து அள்ளி எடுக்க வேண்டும். ஏறாவிட்டால் கட்டியை மட்டும் உருவி எடுத்தால் போதும்.

அக்டோபர் 21, சனி

முடிவு எப்போது என்று கேட்க லேபுக்குப் போனேன். அங்கே ஆயுத பூஜை. திங்களும் செவ்வாயும் விடுமுறை என்பதால் இன்றே வைத்துவிட்டார்கள். மைக்ராஸ்கோப்புக்கு மாலை, கண்வைக்கும் குழாயில் சந்தனம், குங்குமம். ஃப்ரிட்ஜைக் காலி செய்து, கழுவி, கதவைத் திறந்து காய வைத்திருந்தார்கள். சரஸ்வதி படத்துக்கு முன் பெரிய தாம்பாளம். அதில் கத்தரிக்கோல், பிப்பெட், நாலைந்து சின்னப் பாட்டில்கள். இரண்டு குத்துவிளக்கு.

"இங்க பாருங்க டீச்சர்" என்று ஆவுடை கட்டைவிரல் அளவு பாட்டில் ஒன்றைக் காட்டினாள். மூடியில் சந்தனப் பொட்டு. "இதுதான் சாருக்குப் போடப்போற ஆன்டிபாடி. இருக்கதுலயே ஒசத்தி இதான். அதான் அம்மா காலடியிலயே வச்சிருக்கேன். சாருக்கு நல்லதாவே வரும், பாருங்க."

"எப்பம்மா போடுவீங்க?"

"பூஜையில வச்சத விஜயதசமி கழியாமத் தொடக் கூடாது டீச்சர். புதன்கிழம வந்து எடுத்து, வியாழக்கிழம போட்டுருவேன்."

பாட்டிலில் கையால் எழுதி ஒட்டியிருந்தது: இரண்டு முதல் எட்டு டிகிரி குளிரில் வைக்கவும்.

பொரியும் கடலையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்பது அவளுக்குத் தெரியும். "சும்மா சாப்பிடுங்க டீச்சர், யேசு கோவிக்க மாட்டாரு" என்றாள். பொரி நல்ல மொறுமொறுப்பு. இவர் முக்கால்வாசியைத் தின்றுவிட்டார்.

அக்டோபர் 26, வியாழன்

இன்று போட்டிருப்பார்கள். இட்லிக்கு அரைத்தேன். உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இரண்டாம் தடவையும் போட்டிருக்கிறேன்.

நவம்பர் 2, வியாழன்

ஏறவில்லை! தசை வகை ஆக்டின்: இல்லை. தெளிவாக அச்சடித்திருக்கிறது. டாக்டர் ஹபீப் எழுந்து நின்று இவருக்குக் கை கொடுத்தார்.

"எலிக்கு நன்றி சொல்லுங்க டாக்டர்" என்றார் இவர்.

ஓசூரில் இருக்கும் மகள் பியூலாவுக்கு அங்கிருந்தே போன் செய்தேன். அவள் அழுதாள். நான் அழவில்லை.

அறிக்கையில் ஒரு வண்ணப் படமும் இருந்தது. செல்கள் எல்லாம் வெளிர் நீலம். வலது ஓரத்தில் ஒரு ரத்தக் குழாய், காம்பஸ் வைத்து வரைந்தது போல அழகான வட்டம். அதுவும் வெளிர் நீலம்.

அறிக்கையை நாலாக மடித்து என் பைபிளுக்குள் வைத்தேன்.

நவம்பர் 5, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் இவர் எழுந்து சாட்சி சொன்னார். மேடை ஏறுவதற்கே வெட்கப்படுகிறவர். "மலைப்பாதையில பிரேக் பெயிலான வண்டிய ஆண்டவரு மணல்ல நிறுத்திட்டாரு" என்றார். சபை முழுக்கக் கை தட்டியது. நானும் தட்டினேன். மதியம் மட்டன் குழம்பு. பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம்.

நவம்பர் 8, புதன்

ஆபரேஷன் முடிந்தது. முக்கால் மணி நேரம். கட்டியை மட்டும் எடுத்தார்கள். நாலு தையல். "டீச்சர், இனி டபுள் கிளட்ச்கூட மிதிப்பேன்" என்கிறார்.

நவம்பர் 14, செவ்வாய்

மோட்டார் ரிப்பேர் ஆனது. சாக்கடை அடைப்பும் எடுத்தாயிற்று. இந்த வாரம் நிறைய வேலை.

நவம்பர் 19, ஞாயிறு

சர்ச்சில் பக்கத்தில் இருந்த அம்மாவின் பைபிளில் பார்த்துக்கொண்டேன். என்னுடையதை எடுத்துப் போகவில்லை. எழுத்து பொடி, கண்ணுக்குச் சிரமம்.

நவம்பர் 23, வியாழன்

சிலிண்டர் வந்தது.

நவம்பர் 30, வியாழன்

தழும்புக்குக் கீழே மறுபடி தடிப்பாக இருக்கிறது. எண்ணெய் தேய்த்துவிடும்போது என் விரலுக்குத் தட்டுப்பட்டது. முதலில் தழும்பின் கெட்டி என்று நினைத்தேன். தழும்பு நகராது. இது நகர்ந்தது.

"என்னா, கை நின்னுட்டு?" என்றார்.

"எண்ண தீந்துட்டு" என்றேன். கிண்ணத்தில் பாதி எண்ணெய் இருந்தது. அவரும் அதைப் பார்த்தார்.

டிசம்பர் 4, திங்கள்

பைபிளைத் திறந்தேன். படத்தைப் பார்த்தேன். பிறகு பஸ் ஏறி லேபுக்குப் போனேன். இவரிடம் காய்கறிக்கு என்று சொன்னேன்.

ஆவுடை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "ஸ்லைட நான் பாக்கணும்மா" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அலமாரியில் தேடி எடுத்து வந்தாள். மைக்ராஸ்கோப்பில் குங்குமம் இன்னும் லேசாக இருந்தது.

நான் பார்த்தேன். "அந்த ரத்தக் குழாயப் பாரு" என்று நகர்ந்து இடம் விட்டேன்.

அவள் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது உதடு வெளுத்திருந்தது.

"கொழாயும் ஏறல டீச்சர்."

"ஆமா."

"அப்ப சார் கட்டியில தசைப் புரதம் இல்லன்னு அர்த்தமில்ல. மருந்து செத்துப் போச்சுன்னுதான்..." நாலு நாள் வெயில், விளக்குச் சூடு. கரைத்து வைத்த மருந்து குளிரில்லாமல் தாங்காது. தசை இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு துணுக்கையும் கூடவே வைத்துச் சாயம் ஏற்றிப் பார்ப்பது வழக்கமாம். கண்ட்ரோல் என்பார்கள். அன்றைக்கு அந்த ஸ்லைடுகள் தீர்ந்துபோயிருந்தன. அறிக்கையில் கையெழுத்துப் போடும் டாக்டரம்மா வாரம் இரண்டு நாள்தான் வருவார். அன்று முப்பது அறிக்கை.

"கண்ட்ரோல் இல்லாம ஏன்மா போட்ட? நீயா? நீதான வகுப்புல..."

நான் கடிந்துகொண்டுதான் கேட்டேன். அவள் என்னையே பார்த்தாள். கோபமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"நீங்க அன்னைக்கு என்ன சொன்னீங்கன்னு ஞாபகமிருக்கா டீச்சர்? 'இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வந்துட்டாங்க, நேரமில்ல, இல்லன்னே எழுதிரு'ன்னீங்க. நானும் எழுதினேன். பத்துக்குப் பத்து போட்டீங்க."

நினைவிருக்கிறது. முதலில் இருந்தே நினைவிருந்தது. இந்த நோட்டின் முதல் பக்கத்தில் நான் எழுதியது பொய்.

அந்தப் பாட்டிலை வைத்து இன்னும் மூன்று பேருக்குச் சோதித்திருக்கிறார்கள். ஆவுடை கைகளைப் பிசைந்தாள். "வேல போயிரும் டீச்சர். வீட்டுல அவரும் சும்மாதான் இருக்காரு." பிறகு அவளே எழுந்து போய் ரிஜிஸ்டரை எடுத்து வந்து மூன்று பெயர்களைச் சிவப்பில் சுழித்தாள். முதலாளிக்கும் அவளே போன் செய்தாள். வந்த கத்தல் எனக்கே கேட்டது.

பிறகு அந்த மூன்று பேரையும் அழைத்தாள். இரண்டு பேர் போனை எடுத்தார்கள். வள்ளியூர்க்காரர் ஒருவர் எடுக்கவில்லை.

டிசம்பர் 7, வியாழன்

புதுப் பாட்டில். கண்ட்ரோலும் கூடவே. கண்ட்ரோல் பழுப்பு. ரத்தக் குழாய் பழுப்பு. கட்டியும் பழுப்பு, ஸ்லைடு முழுக்க, டீத்தூள் கொட்டியது போல.

டிசம்பர் 9, சனி

நெஞ்சு ஸ்கேன். வலது நுரையீரலில் இரண்டு புள்ளி, இடதில் ஒன்று. இவர் எக்ஸ்ரே அறை வாசலில் உட்கார்ந்திருக்கும்போது நான் டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். "நவம்பர் ரெண்டாம் தேதியே தெரிஞ்சிருந்தா?"

"அப்பவே இந்தப் புள்ளி இருந்திருக்கலாம்மா. இல்லாமலும் இருந்திருக்கலாம். அன்னைக்கு நாம நெஞ்ச ஸ்கேன் பண்ணல. சாதாரணக் கட்டிக்கு யாரும் பண்ண மாட்டோம்." சற்று நேரம் பேனாவைத் திருகினார். "நானும் அந்தப் படத்தப் பாத்தேன். கட்டிய மட்டும்தான் பாத்தேன்."

டிசம்பர் 10, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. இவரிடம் சொல்லிவிட்டேன்.

அறிக்கை வந்த அன்றே படத்தில் எனக்கு அது தெரிந்தது. ரத்தக் குழாய் பழுப்பாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது தெரியும். பாட்டில் விளக்குப் பக்கத்தில் இருந்ததும் தெரியும். கேட்டிருந்தால் அந்த வாரமே மறுபடி சோதித்திருப்பார்கள். கேட்கவில்லை. 'இல்லை' என்ற சொல் எனக்கு வேண்டியிருந்தது. அதை யாரும் திருப்பி வாங்கிவிடக் கூடாது என்று பைபிளுக்குள் வைத்துப் பூட்டினேன். இவ்வளவையும் இவருக்கு எதிரில் உட்கார்ந்து, கையைத் தொடாமல் சொன்னேன்.

இவர் தொண்டையைச் செருமினார். "பிரேக் பிடிக்கலன்னு கண்டக்டருக்குத் தெரியும். தெரிஞ்சும் ரைட்டு ரைட்டுன்னு விசில் அடிச்சா, ஓட்டுறவன் என்ன செய்வான் ஜெயசீலி?"

பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கல்யாணமான நாளில் இருந்து டீச்சர்தான்.

டிசம்பர் 13, புதன்

பேசவில்லை. சாப்பிட்டார்.

டிசம்பர் 15, வெள்ளி

வள்ளியூர்க்காரர் போனை எடுத்தாராம். ஆவுடை சொன்னாள். மறு சோதனையில் அவருக்கு ஒன்றுமில்லை. உண்மையான 'இல்லை'. மற்ற இருவரில் ஒரு அம்மாவுக்குப் பழுப்பு. நேரத்தோடு பிடித்துவிட்டதாக டாக்டர் சொன்னாராம்.

எல்லாவற்றையும் இவருக்கும் கேட்கிற மாதிரி சமையலறையில் இருந்து சத்தமாகச் சொன்னேன். "அந்தப் பிள்ளைக்கு வேல போச்சா?" என்றார்.

"ஒரு மாசம் வீட்டுல இருக்கச் சொல்லிருக்காவ."

"சரி."

ஜனவரி 1, திங்கள்

இரண்டாவது கீமோ. முடி கொட்டிவிட்டது. புருவம்கூட. வருஷப் பிறப்பு ஆராதனையை போனில் போட்டு வைத்தேன். பாதியில் நிறுத்தச் சொன்னார். கஞ்சி நாலு ஸ்பூன்.

ஜனவரி 17, புதன்

மூச்சு வாங்குகிறது. கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டோம். பஸ் சத்தம் கேட்டால் எந்த மாடல் என்று சொல்கிறார். பியூலா வந்திருக்கிறாள். "அப்பா, இது எந்த வண்டி?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்கு அந்த விளையாட்டில் இடமில்லை. நான் துணி துவைக்கிறேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

ஆவுடை வந்தாள். வாசலிலேயே நின்றாள். இவர்தான் "உள்ள வரச் சொல்லு" என்றார். அவள் கட்டிலுக்கு அருகில் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"மூடியில பொட்டு வச்சியாமே?" என்றார் இவர், மூச்சு விட்டு மூச்சு விட்டு. "நானும் முப்பத்தோரு வருஷம் ஸ்டியரிங்குக்கு வச்சேன். கிறிஸ்தவன்தான். மெக்கானிக் பயலுவ விட மாட்டானுவ." நிறுத்தினார். "பொட்டு வச்சுட்டு பிரேக்க ஒரு தடவ மிதிச்சுப் பாப்பேன். மிதிக்காம வண்டி எடுத்ததில்ல."

அதை அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்.

பிப்ரவரி 11, ஞாயிறு

காலை ஐந்தரைக்கு. நானும் பியூலாவும் இருந்தோம்.

பிப்ரவரி 12, திங்கள்

பாளையங்கோட்டை கல்லறைத் தோட்டம். வெயில். டிரைவர்கள் நிறையப் பேர் காக்கியில் வந்திருந்தார்கள்.

மார்ச் 3, ஞாயிறு

மூன்று வாரமாக எழுதவில்லை. பியூலா ஊருக்குப் போய்விட்டாள். இவர் என்னை மன்னித்தாரா என்று அவள் கேட்கவில்லை, நான் சொல்லவுமில்லை. எனக்கே தெரியாது. கடைசி வாரத்தில் ஒருநாள் தண்ணீர் கேட்டு "டீச்சர்" என்று கூப்பிட்டார். மாத்திரையின் மயக்கத்தில் பழைய பழக்கத்தில் வந்ததா, தெரிந்துதான் கூப்பிட்டாரா என்று எனக்குத் தெரியாது. சோதித்துப் பார்க்க வழியும் இல்லை. ஆகவே அதை எந்தப் பக்கமும் எழுதிக்கொள்ள மாட்டேன்.

ஆவுடை மறுபடி வேலைக்குப் போகிறாள். இப்போது அந்த லேபில் ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும், யாருடையதானாலும், குடல்வால் தசைத் துணுக்கு ஒன்றை ஒட்டிவிடுகிறார்கள். அது பழுப்பானால்தான் மற்றதை வாசிக்க வேண்டும். ஆயுத பூஜைத் தாம்பாளத்தில் காலிப் பாட்டில் மட்டும் வைக்கலாம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாளாம்.

இன்று பரணில் இருந்து என் பழைய செய்முறைப் பெட்டியை இறக்கினேன். அயோடின் பாட்டில் இருந்தது, மூடி துருப்பிடித்து. உள்ளே இருந்தது நல்ல தேநீர் நிறத்தில் இருந்திருக்க வேண்டும். மழைத்தண்ணீர் போல இருந்தது. உருளைக்கிழங்கு ஒன்றை வெட்டி ஒரு சொட்டு விட்டேன். பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தேன். நிறம் மாறவில்லை. உருளைக்கிழங்கில் மாவுச்சத்து இல்லை என்று அன்றைக்கு ஒரு பிள்ளை எழுதியிருந்தால் அதற்கும் நான் பத்துக்குப் பத்து போட்டிருப்பேன்.

இந்த நோட்டு யார் கைக்காவது போனால், நீங்கள் ஒன்று செய்யுங்கள். மருந்துக்கடையில் ஒரு சின்னப் பாட்டில் அயோடின் வாங்கி, சோதிக்க நினைக்கும் எந்த இலையிலும் விடுவதற்கு முன்னால், முதல் சொட்டை வெட்டிய உருளைக்கிழங்கில் விட்டுப் பாருங்கள்.